'நேரடி' என்றொரு பொய்

"இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஒரு பத்திரிகாசிரியர். எதையாவது எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னால், என்ன ஏது என்று விசாரிக்காமலே இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறவர். அப்படிப்பட்டவரே, "வெளிநாட்டில் இருந்துகொண்டு டெலிவிஷனில் நேரடி ஒளிபரப்புப் பார்க்கிறவன் படுகிற பாட்டை எழுதப் போகிறேன்" என்று நான் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "தின்று கொழுத்தவனுக்கு வருகிற வயிற்று வலி" என்றார்.

இருக்கட்டும். தின்றவனுக்கு வந்தாலும் வலி வலிதான். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "இப்போது பார்த்தால் என்ன, ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் என்ன? படம் அதே படம்தானே?"

அதே படம்தான். நிலைக்கு வந்து நின்றுவிட்ட தேரும் அதே தேர்தான். அதற்காக மறுநாள் காலையில் போய் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை ஊரார் என்ன சொல்லுவார்கள்? அது தேர்த் திருவிழாவுக்கு வந்த லட்சணமா? இழுபடுகிற நேரத்தில் இழுத்தால்தான் அது தேர். தெருமுனை திரும்புமா, முட்டுக்கட்டை நிற்குமா, அச்சு தாங்குமா என்று யாருக்கும் தெரியாதிருக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதைத்தான் ஜனங்கள் பார்க்கப் போகிறார்கள். மரத்தையும் துணியையும் பார்க்க அல்ல.

மனைவியின் உத்தியோகத்தை முன்னிட்டு 2007 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நான் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகரத்தில் குடியிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு எந்த ஊரானால் என்ன என்று போய்ச் சேர்ந்தவன். ஊர் நல்ல ஊர்தான், மழை ஊர். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி.

அன்று கனடாவில் வான்கூவர் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. வான்கூவருக்கும் சியாட்டிலுக்கும் இடையே உள்ள தூரம், ஏறக்குறைய சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரம். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்; அங்கே ஆறு மணி என்றால் இங்கேயும் ஆறு மணி. விழா மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. ஏறக்குறைய நாலாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிற நியூயார்க்காரன், தன் ஊர் கடிகாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு அதைத் தன் கூடத்தில் நடக்க நடக்கப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் காட்டினார்கள். எங்களுக்கும் இரவு ஒன்பது மணி ஆகட்டும் என்று காத்திருந்தார்களாம்!

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இரவும் பகலும் மாறி வருகிறது. அதற்கு யாரும் பொறுப்பல்ல. ஆனால் இது பூமி செய்த வேலை இல்லை. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை உள்ள மூன்று மணி நேரம்தான் அந்த நாட்டு டெலிவிஷனில் விளம்பரத்துக்கு விலை ஏறுகிற நேரம். சோப்பு விற்கிறவனும் கார் விற்கிறவனும் அப்போதுதான் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதற்காக, நடந்துகொண்டிருக்கிற ஒரு விழாவைப் பிடித்து, பால்காரன் பாலை மறைத்து வைப்பதுபோல மறைத்து வைத்து, விலை வந்ததும் ஊற்றினார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு 1953ஆம் வருஷத்துச் சமாசாரம் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி இங்கிலாந்தில் இரண்டாம் எலிசபெத்துக்கு முடிசூட்டு விழா. லண்டனில் பார்த்தவர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்தவர்களுக்கு வழியில்லை. செயற்கைக்கோள் ஏது அப்போது? என்ன செய்தார்கள் தெரியுமா? டெலிவிஷன் படத்தை அப்படியே பிலிமில் பிடித்து, பிரிட்டிஷ் விமானப் படையின் கான்பெரா ஜெட் விமானங்களில் ஏற்றிக் கடலைத் தாண்டிக் கனடாவில் கூஸ் பே என்ற இடத்தில் இறக்கினார்கள். அங்கே தயாராக நின்ற இன்னொரு ஜெட்டில் மாற்றி மான்ட்ரியாலுக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கே கனடாக்காரன் விழாவைப் பார்த்துவிட்டான். அமெரிக்கக் கம்பெனிகளும் ஆளுக்கொரு விமானத்தை வைத்துக்கொண்டு இந்தப் பந்தயத்தில் ஓடின. ஒரு மணி நேரம் முந்திக் காட்டுவதற்காக அவ்வளவு பாடு!

முடிசூட்டு விழாவில் எனக்கு ஒரு பக்தியும் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. பார்க்கக் காத்திருக்கிறவனுக்குச் செய்கிற மரியாதை அது. 1962 ஜூலையில் டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளை மேலே அனுப்பி, அந்த மாதமே அட்லாண்டிக்கின் இரு கரைக்காரர்களும் ஒருவரை ஒருவர் அந்தக் கணத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். தாமதத்தை ஒழிக்கத்தான் அத்தனை மூளையும் அத்தனை பணமும் செலவாயின. ஒழித்தாயிற்று. ஒழித்த பிறகு, தாமதத்தைக் கையாலேயே தயாரித்து விற்க ஒருவன் வந்து உட்கார்ந்தான்! தண்ணீர் வராத ஊருக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டு வந்ததும், வாய்க்கால் தலைப்பில் ஒருவன் மடையை அடைத்துக்கொண்டு நின்ற கதை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த அநியாயம் உச்சத்துக்குப் போயிற்று. ஜூலை 27ஆம் தேதி லண்டனில் இரவு ஒன்பது மணிக்குத் தொடக்க விழா. சியாட்டிலில் அப்போது பிற்பகல் ஒரு மணி. எங்களுக்குக் காட்டத் தொடங்கியது இரவு ஏழரைக்கு. ஆறரை மணி நேரம்! இணையத்திலாவது காட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. போகட்டும், ஆறின சோறாக இருந்தாலும் முழுச் சோறாகப் போட்டார்களா? அதுவும் இல்லை.

அந்த விழாவில் இறந்தவர்களை நினைவு கூர்கிற ஒரு பகுதி இருந்தது. ஒலிம்பிக் லண்டனுக்கு என்று அறிவிப்பு வந்த மறுநாள், 2005 ஜூலை 7ஆம் தேதி, அந்த நகரத்தின் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் மாண்டார்கள். அவர்களை எண்ணித்தான் அந்தப் பகுதி என்று பார்த்தவர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். கதக் பயின்ற நடனக் கலைஞர் அக்ரம் கான் தம் குழுவோடு ஆடினார். ஒரு பெண் துதிப்பாட்டுப் பாடினாள். உலகம் முழுவதும் அதைப் பார்த்தது. அமெரிக்காவில் மட்டும் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீச்சல் வீரரின் பேட்டியை ஒட்டினார்கள். கேட்டதற்கு, எங்கள் நிகழ்ச்சி எங்கள் நாட்டுப் பார்வையாளருக்கென்று தயாரிக்கப்பட்டது என்று பதில் வந்தது. ஊரார் துக்கத்தில் அமெரிக்கனுக்குப் பங்கு வேண்டாம் என்று எவனோ ஒருவன் ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானித்துவிட்டான்! தாமதம் என்பது வெறும் தாமதம் அல்ல என்று நான் என் பத்திரிகாசிரியருக்குச் சொல்வது இதனால்தான். ஆறரை மணி நேரம் கையில் கிடைத்தவன் கத்தரிக்கோலையும் எடுப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க்காரனும் தப்பவில்லை. 1980 பிப்ரவரி 22ஆம் தேதி லேக் பிளாசிட் என்ற ஊரில் அமெரிக்கப் பையன்கள் சோவியத் அணியை ஐஸ் ஹாக்கியில் 4க்கு 3 என்று வென்றார்கள். அந்த நாட்டில் இன்றும் அதை ஓர் அற்புதம் என்றே அழைக்கிறார்கள். ஆட்டம் நடந்தது மாலை ஐந்து மணிக்கு. அமெரிக்காவில் காட்டியது இரவில், பதிவு செய்து. ஆனால் வயதான அமெரிக்கர்களைக் கேட்டுப் பாருங்கள். "நேரடியாகப் பார்த்தேன், இருதயம் நின்றுவிடும் போலிருந்தது" என்பார்கள். எனக்கே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2018இல் கொரியாவில் பியாங்சாங் ஒலிம்பிக் நடந்தபோது, இரவு நிகழ்ச்சியை நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மனம் திருந்தியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் டெலிபோன் வந்துவிட்டது. ஜெயித்தது யார் என்ற செய்தி, மறைத்து வைத்தவனை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. மறைக்க முடியாததை மறைப்பதில் லாபம் இல்லை, அவ்வளவுதான்.

மடையை ஒரு பக்கம் திறந்தான். இன்னொரு பக்கம் பூட்டு. அதைப் பற்றித்தான் இனிமேல் பேச வேண்டும்.

பேசுவதற்கு முன்னால், எல்லாக் குற்றத்தையும் வியாபாரி தலையிலேயே நான் கட்டவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி பம்பாயில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். எங்களுக்கு அது விடியற்காலை இரண்டு மணிக்குத் தொடங்கியது. நண்பர் ஒருவர் வீட்டில் பத்துப் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காசு கட்டி இணையத்தில் பார்த்தோம். காலை பத்து மணியைத் தாண்டியது. தோனி மட்டையோடு நிற்கிறார். எதிரே குலசேகரா பந்தோடு நடந்து போகிறார். அந்த நேரத்தில் கும்பகோணத்திலிருந்து என் தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். எடுத்தால் ஒரே வெடிச் சத்தம்.

"அண்ணா, முடிஞ்சுது! ஜெயிச்சாச்சு!"

"என்னடா முடிஞ்சுது? இங்கே இன்னும் பந்தே போடலையேடா!"

குலசேகரா பிறகுதான் ஓடி வந்தார். பந்து பிறகுதான் பறந்தது. இணையம் வழியாக வருகிற படம் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் பிந்தித்தான் வரும் என்று பையன்கள் எனக்கு விளக்கினார்கள். என் கூடத்தில் பத்துப் பேர் குதித்தார்கள். நான் மட்டும் ஜாதகத்தை முன்பே படித்துவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே தெருவில் ஒரு கிழவர் நாயை நடத்திக்கொண்டு போனார். வெடி இல்லை, கூச்சல் இல்லை.

இதற்கெல்லாம் நான் யாரையும் திட்டவில்லை. அந்த முக்கால் நிமிஷம் இயந்திரத்தின் குறை, என்றைக்காவது தீர்ப்பார்கள். தெரு அமைதியாக இருந்தது நான் தேடிக்கொண்ட வினை. ஊரை விட்டு வந்தவன் ஊர்ச் சத்தத்துக்கு ஆசைப்பட்டால் யார் என்ன செய்வார்கள்?

பூட்டு அப்படி இல்லை. அது வேண்டுமென்றே போடுகிற பூட்டு.

2016 பிப்ரவரி 22ஆம் தேதி கும்பகோணத்தில் மகாமகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவது. எங்கள் அம்மா தீர்த்தமாடியே தீருவேன் என்று நின்றாள். வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி வேறு. எனக்கு ஒரே பயம். காரணம் இருந்தது. 1992 மகாமகத்தின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று நெரிசலில் பலர் மாண்டார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி அகப்பட்டுக்கொண்டு நின்றோம். ஒற்றைச் செருப்புகள் தெரு முழுவதும் கிடந்ததைப் பார்த்தவன் நான். இன்றும் கூட்டம் என்றால் எனக்கு முதலில் செருப்புத்தான் ஞாபகம் வரும்.

தீர்த்தவாரி உச்சி வேளையை ஒட்டி. சியாட்டிலில் முந்தின நாள் இரவு பத்தரை. தமிழ்ச் சேனல் ஒன்றுக்கு நான் மாதா மாதம் டாலரில் சந்தா கட்டி வந்தேன். அதே சேனல்தான் மகாமகத்தை நேரடியாக ஒளிபரப்புகிறது என்று தம்பி சொல்லியிருந்தான். டெலிவிஷனைத் திருப்பினேன். அங்கே மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள்! அமெரிக்காவில் இருக்கிற தமிழனுக்கென்று தனியாக, அரை நாள் தள்ளி வைத்த வரிசை அது. இங்கே மாலையில் ஓடின சீரியல் அங்கேயும் மாலையில் ஓட வேண்டுமல்லவா? அந்த வரிசையில் மகாமகத்துக்கு இடமில்லை.

இணையத்துக்கு ஓடினேன். அதே சேனலின் பக்கத்தைத் திறந்தேன். கறுப்புத் திரை, நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. 'தங்கள் தேசத்தில் இந்த நிகழ்ச்சியைக் காண இயலாது.'

என் தேசத்தில்! ஐயா, எது என் தேசம்? என் பாஸ்போர்ட்டில் இந்தியா என்று போட்டிருக்கிறது. என் அம்மா அந்தக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். நான் பிறந்த வீட்டுக்கும் அந்தக் குளத்துக்கும் பத்து நிமிஷ நடை. ஏதோ ஒரு காரியாலயத்தில் உலகப் படத்தைப் பங்கு பிரித்துக் கோடு போட்ட ஒருவனுக்கு, நான் எந்தத் தேசத்தான் என்று தெரிந்துவிட்டது; எனக்குத்தான் தெரியவில்லை.

டெலிபோன் கிடைக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் குடியிருப்பில் மேல் தட்டில் இருந்த ஒரு பையன் ஒரு குறுக்கு வழி சொன்னான். கம்ப்யூட்டர் இந்தியாவில் இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கலாமாம். அதற்கு ஒரு சாதனம் இருக்கிறதாம். அதை இறக்கி, ஏற்றி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் எனக்குக் கைகூடவில்லை. என் சொந்த ஊரைப் பார்ப்பதற்கு, நான் என் சொந்த ஊரில் இருப்பதாகப் பொய் சாட்சி சொல்ல வேண்டும்! காசு கட்டினவனையே கள்ளனாக்குகிற வியாபாரம் வேறெங்கே உண்டு?

விடியற்காலை இரண்டரை மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "அம்மா குளிச்சிட்டு வந்து தூங்கறாங்க. நீ ஏன் இன்னும் முழிச்சிருக்கே?" என்று கேட்டான்.

இனி வியாபாரியின் கட்சியைக் கேட்போம். 'நான் பணம் கொட்டி உரிமை வாங்கினேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொருவனுக்கு விற்றேன். எல்லையில்லாமல் திறந்துவிட்டால் எவன் வாங்குவான்?' என்கிறான். பணம் கொட்டினது உண்மை. அமெரிக்காவில் ஒரே நிறுவனம், 2032 வரைக்குமான ஆறு ஒலிம்பிக்குகளுக்கு 765 கோடி டாலர் தருவதாக 2014இல் ஒப்பந்தம் செய்தது. இவ்வளவு கொடுத்தவன் இனாமாகக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு காட்டு என்கிறேன். பல சமயம் அதற்கும் வழி கிடையாது. நாம் இருக்கிற நாட்டுக்கு அந்த உரிமையை எவனும் வாங்கியிருக்க மாட்டான். வாங்க ஆள் இல்லாத சரக்கையும் பூட்டித்தான் வைப்பேன் என்பது என்ன வியாபாரம்? வைக்கோற்போரில் படுத்த நாய் கூட, மாடு வந்தால்தான் குரைக்கும்.

பணத்துக்கு மட்டும் இந்த எல்லைகள் கிடையாது, கவனித்தீர்களா? 2022ஆம் ஆண்டில் வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் 11,000 கோடி டாலருக்கு மேல். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் என் டாலர் கும்பகோணத்து பாங்கியில் ரூபாயாக விழுகிறது. 'தங்கள் தேசத்திலிருந்து பணம் அனுப்ப இயலாது' என்று எந்தக் கறுப்புத் திரையும் சொன்னதில்லை.

சட்டம் செய்ய முடியாதா என்றால், முடியும். 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய யூனியனில் ஒரு விதி. பிரெஞ்சுக்காரன் தன் ஊரில் சந்தா கட்டிய இணையச் சேவையை, ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ தற்காலிகமாகப் போன இடத்திலும் பார்க்கலாம், தடுக்கக் கூடாது. பூட்டுப் போட்டவர்கள் யாரும் பிச்சைக்குப் போய்விடவில்லை. நம் நாட்டிலும் 2007இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தனியார் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று. நல்ல சட்டம். அண்டெனா வைத்திருக்கிற ஏழைக்கும் கிரிக்கெட் தெரிய வேண்டும் என்று நினைத்த சட்டம். ஆனால் அந்தச் சட்டம் நாட்டு எல்லையில் நின்றுவிடுகிறது. துபாயில் சாரத்தில் நின்று செங்கல் அடுக்குகிற ராமநாதபுரத்துக்காரன் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டான். அவன் தின்று கொழுத்தவன் அல்ல, பத்திரிகாசிரியரே. ஒரு முழு வார வேலைக்குப் பிறகு எட்டுப் பேர் ஒரே அறையில் ஒரு சின்ன டெலிபோனைச் சுற்றிக் குந்துகிறவன்.

உரிமை, பங்கு, பூட்டு எதுவும் இல்லாமல் காட்டினால் என்ன ஆகும்? அதையும் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இஸ்ரோ அதை எவருக்கும் விற்கவில்லை. இணையத்தில் இனாமாகத் திறந்துவிட்டது. ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மாதம் ஒரு காரியமாக மறுபடி சியாட்டிலுக்குப் போயிருந்தேன். அங்கே காலை 5.34. கும்பகோணத்தில் அம்மா டெலிவிஷனுக்கு முன்னால், நான் அங்கே, நடுவில் டெலிபோன். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியதைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அந்தக் கோடும் எண்களும் என்னவென்று புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. ஆனால் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். விழுந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே நேரத்தில். இதைத்தான் நான் கேட்கிறேன். 2019இல் சந்திரயான்-2 இறங்கும்போது தொடர்பு அறுந்து போனது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பயம். ஜெயித்த பிறகு பதிவில் பார்க்கிறவனுக்கு அந்தப் பயத்தை எந்தக் கம்பெனி விற்கும்?

மகாமகத்துக்கு இரண்டு மாதம் கழித்து, அந்த ஒளிபரப்பு முழுவதையும் தம்பி ஒரு வட்டில் பதிந்து அனுப்பி வைத்தான். வடக்குக் கரையில், மூன்றாவது படியில் நின்றதாக அம்மா சொல்லியிருந்தாள். இரண்டு இரவு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தித் தேடினேன். கடைசியில் அரக்குப் புடவை கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரத் தலையை முடிந்தபடி ஒரு கிழவி. அந்தத் தோள் சாய்வு அம்மாதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஆமாம் என்றாள். உடனே ஊருக்குக் கூப்பிட்டு, "அம்மா, உன்னைக் கண்டுபிடிச்சிட்டேன், அரக்குப் புடவை" என்றேன்.

"அன்னிக்கு நான் கட்டியிருந்தது பச்சைப் புடவைடா" என்றாள் அம்மா.